பதில்: ஆழ்கடல் எண்ணெய் வயலில் செலவை எங்கே குறைப்பது?

தம்பி, மிதக்கும் மேடையின் எஃகு எடையைக் குறைத்தால் மொத்தச் செலவு பாதியாகுமா என்று காரைக்குடியிலிருந்து கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பெரும்பணம் கிணறு தோண்டுவதிலும் கடலடிக் குழாய்களிலும்தான் போகிறது. துளையிடும் கப்பலுக்கு நாள் வாடகையே லட்சக்கணக்கான டாலர். கடல் கொந்தளித்துச் சும்மா நின்றாலும் செலவு ஓடும். ஒரு கிணறு குறைந்தாலே பெரிய மிச்சம்.

அப்புறம், புது மேடையே தேவையா என்று பாருங்கள். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆர்-கிளஸ்டர் வயல் 2,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் இருக்கிறது. அதற்கென மேடை கட்டவில்லை. சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஏற்கெனவே இருந்த மேடையோடு இணைத்து, 2020 டிசம்பரில் எரிவாயு எடுத்தார்கள். நம்மூர்ப் பெரிய வீட்டில் இன்னொரு கட்டு சேர்ப்பதுபோலத்தான். ஆனால் நீளக் குழாயில் குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் வாயுவும் நீரும் ஹைட்ரேட் என்ற பனிக்கட்டி போன்ற பொருளாக இறுகி அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க கிளைகால் (glycol) என்ற வேதித் திரவத்தைச் செலுத்தும் செலவை விட்டுவிடாதீர்கள். பல ப்ராஜெக்ட்டுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன.

மெக்ஸிகோ வளைகுடாவின் மேட் டாக் எண்ணெய் வயலின் இரண்டாம் கட்டத்தையும் கட்டாயம் படியுங்கள். 2,000 கோடி டாலரைத் தாண்டிய திட்டத்தின் வடிவமைப்பை எளிமையாக்கி, 2016-ல் 900 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். சரி, தலைப்பை 'புது மேடையா, கடலடி இணைப்பா' என்று மாற்றிக்கொண்டு உங்கள் கைடிடம் பேசுங்கள்.