மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பிறகு பிரேக் விடவில்லையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) மாற்றினோம், இப்போது பிரேக் பிடித்துக்கொள்கிறது. அடுத்த உதிரிபாகத்தை வாங்குவதற்கு முன், அழுத்தம் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கசிவு இருந்ததால் புதிய மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். கிளம்பும்போது வண்டி நன்றாக ஓடுகிறது. சில கிலோமீட்டர் போனதும் பெடல் இறுகி மேலேயே நின்றுவிடுகிறது, நான்கு சக்கரமும் பிடிக்கிறது. ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. புதிய சிலிண்டரும் கோளாறா?

சிலிண்டரைக் குறை சொல்வதற்கு முன் அதைத் தள்ளுகிற புஷ் ராடைப் பாருங்கள். பெடலை விட்டதும் பிஸ்டன் கடைசிவரை பின்னால் வர வேண்டும். வந்தால்தான் அதன் ரப்பர் கப், ஆயில் டப்பாவுக்குப் போகும் ஊசித்துளையைத் திறந்துவிடும். பிரேக் சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. ராடு கொஞ்சம் நீளமாக இருந்தாலே பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, துளை மூடியே கிடக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பேடை டிஸ்க்கோடு அழுத்தும். உரசினால் சூடு, சூட்டால் இன்னும் அழுத்தம். ஆறினால் ஆயில் சுருங்கி விட்டுவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

உறுதி செய்துகொள்ள, பிரேக் பிடித்திருக்கும்போதே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பூஸ்டரோடு (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பாகம்) மாஸ்டர் சிலிண்டரைப் பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரைச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர விடுங்கள். பைப்பை வளைத்துவிடாதீர்கள். உடனே சக்கரம் விட்டால் கோளாறு சிலிண்டருக்கு முன்னால், அதாவது ராடிலோ பெடலிலோ இருக்கிறது.

ராடின் நீளத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். சிலிண்டர் முகப்பிலிருந்து பிஸ்டன் குழி எவ்வளவு ஆழம், பூஸ்டர் முகப்பிலிருந்து ராடு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். இடையில் கேஸ்கெட்டோ ஷிம்மோ (மெல்லிய இடைத்தகடு) இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பழைய சிலிண்டரோடு தூக்கிப்போடப்படுவது பெரும்பாலும் அந்த ஷிம்தான். எவ்வளவு இடைவெளி விட வேண்டும், பூஸ்டரில் வெற்றிடம் இருக்கும்போது அளப்பதா இல்லாதபோதா என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. பயந்துபோய் ராடை ரொம்பக் குட்டையாக்கினால், பெடல் வெறுமனே கீழே போன பிறகுதான் பிரேக் பிடிக்கும்.

கேள்வி: புஷ் ராடு அளவு சரியாகவே இருக்கிறது. நட்டைத் தளர்த்தினால் மட்டும் பிரேக் விடுகிறது. இது எப்படி?

அப்படியென்றால் பெடல் முழுதாக மேலே வரவில்லை. பெடலுக்கு மேலே உள்ள பிரேக் லைட் சுவிட்சைப் பாருங்கள். வேலை பார்க்கும்போது கை பட்டு நகர்ந்தோ, அளவுக்கு மீறி உள்ளே திருகப்பட்டோ இருந்தால் அது பெடலை ஓயாமல் அழுத்திப் பிடித்திருக்கும். விரலால் பெடலை அழுத்தும்போது முதலில் கொஞ்சம் வெறும் ஆட்டம் தெரிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் பிரேக் பிடித்துக்கொண்டால் பூஸ்டருக்குள் இருக்கும் வால்வு மேல் சந்தேகப்படலாம்.

கேள்வி: நட்டைத் தளர்த்தியும் விடவில்லை. ஆனால் கேலிபரில் (சக்கரத்தில் பேடை அழுத்தும் பாகம்) உள்ள நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் சிறு திருகைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சுற்றுகிறது. இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. அழுத்தத்தை இறக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நாலு தடவை பிரேக் மிதித்தால் மறுபடி பிடிக்கும். அடுத்த முறை பிடிக்கும்போது நிப்பிளுக்கு முன்பாக, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் கண்ணுக்கும் ஆகாது, பெயின்ட்டுக்கும் ஆகாது. அங்கே திறந்ததும் சக்கரம் விட்டால் சிலிண்டர்தான் ஆயிலைத் திரும்ப வாங்க மறுக்கிறது. அங்கே விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் நடுவில் அடைப்பு. முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருந்தாலும் பழைய ஹோஸ் உள்ளே உப்பியிருக்கும். கால் பலத்தில் ஆயில் போய்விடும், தானாகத் திரும்பி வராது. எங்கே திறந்து பார்த்தாலும் கடைசியில் ஏர் எடுத்தாக வேண்டும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

கேள்வி: இடது முன்சக்கரம் மட்டும் கொதிக்கிறது. மாஸ்டர் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரே சக்கரம் என்றால் அந்தச் சக்கரத்தின் ஹோஸ், கேலிபர் பிஸ்டன், கேலிபர் நகர்ந்து செல்லும் ஸ்லைடு பின் என்று பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஏதோ துருவேறி இறுகியிருக்கிறது. மாறாக, முன் இடதும் பின் வலதும் சேர்ந்து பிடித்தால் கதை வேறு. பல கார்களில் பிரேக் லைன் இப்படிக் குறுக்காகத்தான் பிரிந்திருக்கும். அப்போது சிலிண்டரின் ஒரு பாதி மேல் சந்தேகப்படுவது நியாயம்.

கேள்வி: ஏர் எடுக்கும்போது பிரேக் ஆயில் தீர்ந்ததால் கொஞ்சம் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றிவிட்டார்கள். வடித்துவிட்டால் போதுமா?

போதாது, வருத்தமான செய்திதான். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்காகச் செய்த ரப்பர், பெட்ரோலியம் சார்ந்த ஆயில் பட்டால் ஊதிப்போகும். ஊதிய கப் அந்த ஊசித்துளையை நிரந்தரமாக மூடிவிடும். டப்பா மூடியின் ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். பெரிதாகி, திரும்பப் பொருந்தாமல் நெளிந்தால் ஆயில் உள்ளேயும் பரவியிருக்கிறது. பைப்பை முழுதாகக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், கேலிபர் சீல், வீல் சிலிண்டர் என ஆயில் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் செலவு இன்னும் ஏறும்.

கேள்வி: பழைய டிரம் பிரேக் காரின் முன்பக்கத்தை டிஸ்க்காக மாற்றினேன். முன்சக்கரங்கள் எப்போதும் லேசாக உரசுகின்றன.

மாஸ்டர் சிலிண்டர் இன்னும் டிரம்முக்கானதுதானா? பழைய டிரம் சிலிண்டர்கள் பலவற்றில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும்; வழக்கமாக 10 பிஎஸ்ஐ அளவு. டிரம்மில் ஷூவை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் உண்டு, டிஸ்க்கில் கிடையாது. முன் லைனில் அந்த வால்வு இருக்கக்கூடாது.

கேள்வி: பட்டறை வரை மெதுவாக ஓட்டிப்போகலாமா?

இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். புது டாட் 3 ஆயிலே 205 டிகிரியில் கொதிக்கலாம். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140-லேயே கொதிக்கக்கூடும். கொதித்து ஆவியானால் இதுவரை விடாமல் பிடித்த பிரேக், மிதித்தாலும் பிடிக்காது.