பூட் மெனு எழுத்து பெரிதாகவும் வேண்டும், இழுபடவும் கூடாது

கல்முனை வாசகர் ஒருவரின் கேள்வி: 2880×1800 திரையுள்ள 14 அங்குல லப்டொப்பில் விண்டோஸும் உபுண்டுவும் வைத்திருக்கிறேன். கணினி தொடங்கும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவின் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. அழகுக்காக ஒரு தீம் (மெனுவின் தோற்றத்தை மாற்றும் தொகுப்பு) போட்டேன். இப்போது அம்பு விசையை அழுத்தினால் தெரிவு இழுபட்டுத்தான் நகர்கிறது. என்ன செய்யலாம்? மெனுவிலுள்ள பெயர்களைத் தமிழில் போட முடியுமா?

முதலில் எழுத்துருவைத் தொடாதீர்கள். ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பெரும்பாலும் இரண்டு தொல்லையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கிரப் ஓடும் நேரத்தில் கிராபிக்ஸ் டிரைவர் கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் சிபியுவின் ஒற்றைக் கோரே திரை நினைவகத்தில் எழுதுகிறது. புள்ளிக்கு 4 பைட் வீதம் உங்கள் முழுத்திரைக்கு ஏறத்தாழ 20.7 எம்பி. 1280×800 என்றால் 4.1 எம்பிதான், ஐந்தில் ஒரு பங்கு வேலை. கிரப்போடு வரும் யூனிஃபான்ட் 16 புள்ளி உயரமுள்ள பிட்மேப் (புள்ளி புள்ளியாக வரைந்த) எழுத்துரு. திரையில் புள்ளிகள் குறைந்தால் எழுத்து தானாகப் பெரிதாகும்.

மெனுவில் சி விசையை அழுத்தி ‘வீடியோஇன்ஃபோ’ கட்டளையைக் கொடுங்கள். உங்கள் கணினி எந்தெந்த ரெசல்யூஷனை ஏற்கும் என்று பட்டியல் வரும். 1280×800 இல்லாவிட்டால் 1024×768 எடுங்கள்; எழுத்து சற்று அகலமாக விரிந்து தெரியலாம், அவ்வளவுதான். பிறகு உபுண்டுவில் ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் ‘ஜிஎஃப்எக்ஸ்மோட்’ வரியில் அந்த அளவையும், காற்புள்ளி இட்டு ‘ஆட்டோ’வையும் எழுதி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்கள். ‘ஆட்டோ’வை விட்டுவிட வேண்டாம், முதல் அளவு கிடைக்காதபோது அதுதான் கைகொடுக்கும். உபுண்டு ஏறியதும் அதன் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள டிரைவர் திரையைப் பழைய 2880×1800க்கே கொண்டுபோய்விடும்.

அதற்கு மேலும் அழகு வேண்டுமென்றால் சொந்த எழுத்துரு. கிரப்-எம்கேஃபான்ட் கருவியால் டெஜாவூ சான்ஸ் மோனோவை 24 அளவில் பிஎஃப்2 (கிரப் படிக்கும் எழுத்துரு வடிவம்) கோப்பாக்கி, பூட்/கிரப்/ஃபான்ட்ஸ் அடைவில் வையுங்கள். எந்தெந்த எழுத்துகள் வேண்டும் என்று யூனிகோட் எண்களின் வீச்சைக் குறிப்பிட்டால் கோப்பு சிறுக்கும், சீக்கிரம் ஏறும்: 32-126, 8592-8595, 9472-9599. ஆங்கில எழுத்துகளை மட்டும் எடுத்து மற்ற இரண்டு வீச்சையும் மறந்தால் மெனுவின் சட்டகக் கோடுகளும் அம்புகளும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிஎஃப்2வில் புள்ளிக்கு ஒரு பிட்தான். ஓரம் மழமழப்பாக வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கினால் உபுண்டுவின் கிரப் வெளி எழுத்துருவை ஏற்காது, தன்னுள்ளே இருப்பதையே எடுக்கும். எழுத்துருவுக்காக அதை நிறுத்துவது வீண்வேலை, ரெசல்யூஷனோடு நின்றுவிடுங்கள்.

தீம்தான் உங்கள் இழுபறிக்கு முக்கிய காரணமாக இருக்க வேண்டும். தீம் அடைவிலுள்ள எல்லா பிஎஃப்2 கோப்புகளையும், பயன்பட்டாலும் படாவிட்டாலும், கிரப் ஏற்றும். தேவையற்றதை அழியுங்கள். ஒளி ஊடுருவும் தெரிவுப் பட்டையை ஒவ்வொரு அழுத்தலிலும் பின்னணியோடு கலந்து வரைய வேண்டியிருப்பதால் ஒற்றை நிறப் பட்டை நல்லது. பின்னணிப் படத்தை 1280×800க்கே வெட்டிச் சேமியுங்கள். ஜேபெக் என்றால் ‘ப்ரொக்ரெசிவ்’ வகை வேண்டாம், கிரப் திறக்காது. தீம் கோப்பில் எழுத வேண்டியது எழுத்துருவின் உட்பெயர், கோப்புப் பெயர் அல்ல. அது பிசகினால் வேறு எழுத்துருதான் வரும்.

தமிழ்ப் பெயர் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. யூனிஃபான்டில் தமிழ் எழுத்துகள் உண்டு, ஆனால் கிரப்புக்கு அவற்றைக் கோக்கத் தெரியாது. ‘விண்டோஸ்’ என்பதில் ‘ட’வுக்கு முன்னே வரவேண்டிய கொம்பு முன்னே போகாது, சொல் சிதைந்து நிற்கும். ஆங்கிலத்திலேயே விடுங்கள்.

மாற்றங்களுக்குப் பிறகு மெனு குழம்பினால் மறுபடி சி விசை, ‘டெர்மினல்_அவுட்புட் கன்சோல்’ கட்டளை, பிறகு எஸ்கேப்: எழுத்துருவே தேவைப்படாத வெறும் உரைத்திரையில் மெனு வரும்.