கன்ஃபூசியஸைத் தமிழாக்க யாரைப் பின்பற்றுவது?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்துக்காக கன்ஃபூசியஸ் தம் சீடர்களோடு பேசியவற்றின் தொகுப்பான ‘லுன்யூ’ நூலிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறேன். வெளிநாடுகளில் வாழ்ந்த சீனர்களின் மொழிபெயர்ப்புகளை எடுத்து வைத்திருக்கிறேன். ‘ரென்’ (தோராயமாக, மனிதத்தன்மை) என்ற கருத்துக்கு ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். யாரை நம்புவது? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: அவர்கள் போட்ட சொல்லை ஒப்பிடுவதற்கு முன்னால், யாருக்காக எழுதினார்கள் என்று பாருங்கள். குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

பினாங்கில் பிறந்து எடின்பரோவில் படித்த கூ ஹுங்-மிங் 1898-இல் எழுதியது படித்த ஐரோப்பியருக்காக. சீனப் பெயர்களைக் கண்டு அவர்கள் விலகிவிடக் கூடாதென்று கூடியவரை பெயர்களையே எடுத்துவிட்டார். துணைக்கு கதே போன்ற ஐரோப்பிய எழுத்தாளர்களின் வரிகளைச் சேர்த்தார். நூல் வாசகருக்கு நெருக்கமானது, ஆனால் கேள்வி கேட்ட சீடர்கள் காணாமல் போனார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. லின் யூதாங் 1938-இல் அமெரிக்கப் பொது வாசகரை மனத்தில் வைத்து, சிதறிக் கிடக்கும் உரைகளைத் தலைப்புவாரியாக அடுக்கினார். அமெரிக்கக் கல்லூரிகளில் பாடம் நடத்திய விங்-சிட் சான், 1963-இல் வந்த தம் தொகுப்பில் கலைச்சொற்களுக்கென்றே தனிப் பின்னிணைப்பு எழுதினார். லண்டனில் நெடுங்காலம் கற்பித்த ஹாங்காங்காரர் டி. சி. லாவ், 1979 பதிப்பில் விளக்கத்தையெல்லாம் முன்னுரையிலும் பின்னிணைப்புகளிலும் வைத்துவிட்டு மூலத்தைச் சிக்கனமாக விட்டார். நீங்கள் லாவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சானைப் புரட்டுங்கள்.

இப்போது ‘ரென்’. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சீடர்கள் ஒவ்வொருவராக வந்து இதையே கேட்கிறார்கள். யான் ஹுய்க்குக் கிடைக்கும் பதில், தன்னை அடக்கி ‘லி’க்கு, அதாவது சடங்கிலும் நடத்தையிலும் பேண வேண்டிய ஒழுங்குக்கு, திரும்புவது. சுங்குங்குக்கு, வெளியே போனால் பெரிய விருந்தாளியை எதிர்கொள்வதுபோல் நடந்துகொள், உனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்கிறார். சிமா நியூவிடம், ரென் உள்ளவன் பேசத் தயங்குவான் என்று மட்டும் சொல்கிறார். சிமா நியூ ஓயாமல் பேசுகிற அவசரக்காரர் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருப்பது தெரிந்தால்தான் இந்தப் பதிலின் குறி புரியும். அதே அத்தியாயத்தில் ஃபான் சிக்குச் சொன்னது, மனிதர்களை நேசிப்பது. ‘அன்பு’ என்று போட்டால் கடைசிப் பதில் மட்டும் பொருந்தும், முதல் பதில் நொண்டும். ‘அறம்’ என்று போட்டால் ‘யி’ (செய்யத் தக்கதைச் செய்யும் நேர்மை) வரும்போது கையில் சொல் இருக்காது. ‘ரென்’ என்றே விடுங்கள். அந்த நான்கு பதில்களும் சேர்ந்து வாசகருக்கு அதைக் கற்றுக்கொடுக்கும்.

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உங்களுக்கு உண்டு. அவர்களுடைய வாசகருக்கு இந்த உலகம் அந்நியம், அதை அருகே கொண்டுவர வேண்டியிருந்தது. நம் வாசகருக்கோ இது தெரிந்த விஷயம்போலத் தோன்றிவிடும். ‘சியாவ்’ (பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்ற வேண்டிய கடமை) என்றதும் தாய் தந்தை சொல் தட்டாமை என்று கடந்துவிடுவார். கன்ஃபூசியஸ் கேட்பது வேறு. பெற்றோருக்குச் சோறு போடுவதையே இப்போது சியாவ் என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம் என்கிறார். பெற்றோர் தவறு செய்தால் பணிவாக எடுத்துச் சொல்லவும் சொல்கிறார். ஆகவே ‘கீழ்ப்படிதல்’ வேண்டாம்.

‘லி’யை ‘சடங்கு’ ஆக்குவதும் ஆபத்து. நம் காதில் அது ‘வெறும் சடங்கு’ என்றுதான் விழும். அமாவாசைச் சடங்கில் பலியிடும் ஆட்டை நிறுத்திவிடலாம் என்று சீடர் சுகுங் நினைத்தபோது, “உனக்கு ஆட்டின்மேல் பிரியம், எனக்கு லியின்மேல் பிரியம்” என்றார் கன்ஃபூசியஸ். நான் ‘முறைமை’ என்று போடுவேன். அவர் உயிராய் மதித்த ஒன்று என்பதை அந்த ஆட்டுக் கதையே காட்டிவிடும்.

முதல் கூட்டத்துக்குப் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் அந்த நான்கு பகுதிகளே போதும். ஒவ்வொன்றின் தலையிலும், கேட்ட சீடர் எப்படிப்பட்டவர் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். லாவின் பதிப்பில் சீடர்களைப் பற்றிய பின்னிணைப்பு இருக்கிறது, பெரும்பாலான தகவல் அதிலேயே கிடைக்கும்.