அப்பா யார் என்று மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள்

வணக்கம் சார்.

போன மாதம் பிளான்ச் புரூஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அடிமையாகப் பிறந்தவர் மிசிசிப்பியில் ஷெரீஃப் ஆகி, பருத்தி விவசாயம் பார்த்து, அமெரிக்க செனட் வரைக்கும் போனது பிரமிப்பாக இருந்தது. மூன்று சந்தேகங்கள். ஷெரீஃப் என்றால் போலீஸ்தானே, அந்தக் காலத்தில் ஒரு கறுப்பர் எப்படி அந்த வேலைக்கு வந்தார்? இரண்டாவது, அவருடைய அப்பா வெள்ளைக்காரப் பண்ணையார் என்கிறார்களே, அது உறுதிதானா? உறுதி என்றால் இந்த உயர்வுக்கெல்லாம் காரணம் அந்த அப்பாதான் என்று சொல்லலாமா? அப்பா படிக்க வைக்காவிட்டால் என்ன ஆகியிருப்பார்? மூன்றாவது, அவரே பிறகு பண்ணை முதலாளி ஆனது தன் மக்களுக்குச் செய்த துரோகம் இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. எடுத்து எடுத்துப் படித்தேன். இந்தக் குடும்பம் சில வாரங்களாகவே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் தனி மடலில் முடிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

ஷெரீஃப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இடுப்பில் துப்பாக்கியும் நெஞ்சில் நட்சத்திரமுமாகச் சினிமாவில் பார்த்த ஆளை மறந்துவிடுங்கள். 1871இல் மிசிசிப்பியின் பொலிவர் கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) புரூஸ் ஜெயித்த பதவி ஷெரீஃப், வரி தண்டுபவர் இரண்டும் சேர்ந்தது. ஜெயிலும் கைது வாரண்டும் அவர் கையில் இருந்தன என்றாலும், பதவியின் உயிர் வரிக் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது. கட்டணமும் கமிஷனும்தான் வருமானம். பதவி ஏற்கவே பெரிய தொகைக்கு ஜாமீன் காட்ட வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பர்களுக்கு ஓட்டு வந்திருந்தது, அந்தக் கவுண்டியில் அவர்கள்தான் பெரும்பான்மை. அப்படித்தான் வந்தார். ஆனால் நிலம் வைத்திருக்கும் வெள்ளைக்காரனிடம் போய் ஒரு கறுப்பர் வரி கேட்பது என்ன மாதிரி விஷயம் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே விக்ஸ்பர்க்கைப் பாருங்கள். அங்கே ஷெரீஃபாக இருந்த பீட்டர் கிராஸ்பியை 1874 டிசம்பரில் ஆயுதத்தோடு வந்த வெள்ளைக்காரக் கூட்டம் மிரட்டி ராஜினாமாவில் கையெழுத்து வாங்கியது. அவருக்குத் துணையாக வந்த கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றார்கள். வரி கட்டுவோர் சங்கம் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள்தான் முன்னால் நின்றார்கள்.

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. ஆமாம், மிசிசிப்பி டெல்டாவில் பருத்தி நிலம் வாங்கினார், மேலும் மேலும் வாங்கினார், அவர் வாஷிங்டனில் இருக்க அவர் நிலத்தில் கறுப்பர்கள் விளைச்சலில் பங்குக்கு உழுதார்கள். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் துரோகம் என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக எடுத்து வீசாதீர்கள். நிலம்தான் ஒரே பாதுகாப்பு என்று நினைத்த தலைமுறை அது. இதே ஆள்தான் சீனர்கள் குடியேறுவதைத் தடுக்க வந்த மசோதாவை 1879இல் செனட்டில் எழுந்து எதிர்த்தார். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது அப்பா. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் மூன்று முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அம்மா என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. என் கோபம் அதுதான், மன்னியுங்கள்.

அவள் பெயர் பாலி. 1841இல் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் பக்கத்தில் இந்தப் பிள்ளையைப் பெற்றபோது அவள் பெட்டிஸ் பெர்கின்சனின் உடைமை. அப்பா அவர்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர் மகன் வில்லியத்துக்குப் பாடம் நடந்த இடத்தில் இந்தப் பையனும் படித்துக்கொண்டான், அதுவும் உண்மை. ஆனால் அந்த வீட்டில் அவன் பிள்ளையா? வில்லியத்துக்குத் துணையாக விடப்பட்ட வேலைக்காரச் சிறுவன். தன் பிள்ளையைத் தன் சொத்தாக வைத்துக்கொண்ட ஒருவர் அதற்கு இரண்டு எழுத்து காதில் விழ விட்டார் என்பதற்காக நாம் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டுமா?

1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரமா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பிள்ளை தகப்பன் வழி. காலனியில் வேண்டுமென்றே அதைத் திருப்பினார்கள். திருப்பியதால் எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளையும் சொத்தாகவே சேர்ந்தது, அவர் தகப்பன் என்று எங்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யோசித்துப் பாருங்கள் எஸ். பிள்ளையை அடிமையாக்கும்போது அம்மாவைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதே பிள்ளை செனட்டர் ஆனதும் அப்பாவைத் தேடிப் போகிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம்.

என் சித்தப்பா ஒருமுறை எங்கள் வம்சத்தை ஏழு தலைமுறைக்குப் பெரிய தாளில் எழுதிக் கொண்டுவந்தார். அத்தனையும் ஆண்கள். பாட்டியோட அம்மா பேர் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அத்தைதான் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “ஆயான்னுதான்டா கூப்பிடுவோம்” என்றார். அந்தத் தாளை அதற்குப் பிறகு என்னால் பெருமையாகப் பார்க்க முடிந்ததில்லை.

பாலியும் பிள்ளைகளும் எஜமான் போகும் இடமெல்லாம் இழுபட்டார்கள். வர்ஜீனியா, மிசௌரி, திரும்ப வர்ஜீனியா, மிசிசிப்பி, திரும்ப மிசௌரி. போர் வந்ததும் மகன் கான்சாஸுக்குத் தப்பிப் போய் லாரன்ஸ் ஊரில் கறுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1863 ஆகஸ்டில், அடிமை முறையைக் காக்கத் தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்று சண்டை போட்ட குவான்ட்ரில்லின் கும்பல் அந்த ஊரில் புகுந்து நூற்றைம்பதுக்கு மேல் ஆண்களையும் பையன்களையும் கொன்றபோது அவர் அங்கேதான் இருந்தார். உயிர் பிழைத்தார். இதில் எந்த இடத்தில் அந்த அப்பா வந்து காப்பாற்றினார், சொல்லுங்கள்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்கின்சன் என்ற பெயரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. புரூஸ் என்பது பாலியை அதற்கு முன் வைத்திருந்த லெமுவேல் புரூஸின் பெயர். அதுவும் எஜமான் பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது அம்மா வழியாக வந்தது. அவருக்கு முதலில் வைத்த பெயர் பிரான்ச், அதைப் பிளான்ச் என்று தானே மாற்றிக்கொண்டார். 1875இல் செனட்டில் பதவி ஏற்கும்போது சொந்த மாநிலத்துச் செனட்டர் ஆல்கார்ன் வழக்கப்படி கூட நடந்து வர மறுத்துவிட்டார். தனியாக நடந்தவரோடு நியூயார்க் செனட்டர் ரோஸ்கோ காங்க்ளிங் எழுந்து வந்து சேர்ந்துகொண்டார். 1879இல் புரூஸுக்கும் அவர் மனைவி ஜோசஃபினுக்கும் பிறந்த ஒரே மகனுக்கு ரோஸ்கோ காங்க்ளிங் புரூஸ் என்று பெயர் வைத்தார்கள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. பின்னால் கருவூலப் பதிவாளராக ஆனபோது அமெரிக்க டாலர் நோட்டில் அவர் கையெழுத்து அச்சானது. அந்த நோட்டில் இருப்பதும் புரூஸ்தான்.

நீங்கள் சின்னவர் என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது, கேட்கும் ஆசை இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் ஒரு வேலை சொல்கிறேன். செனட்டரை விடுங்கள். அவருக்கு ஹென்றி கிளே புரூஸ் என்று ஒரு அண்ணன் உண்டு. 1864இல் தான் விரும்பிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு மிசௌரியிலிருந்து கான்சாஸுக்கு ஓடியவர். 1895இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தேடிப் படியுங்கள். தான் எந்தத் தேதியில் பிறந்தேன் என்று முதல் வரியிலேயே சொல்கிறார். அதைத் தனக்கு அடிக்கடி சொன்னது அம்மா என்றும் அதே வரியில் எழுதியிருக்கிறார்.