ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் தம்பியைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பெயின்டிங் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து பதினொரு மாதம் ஆகிறது. முதுகில் ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி10, ஏசியா ஏ' என்று எழுதியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை, கால் அசையவில்லை. போன வாரம் ஒருவர் போன் செய்து, ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் இடம் இருக்கிறது, மூன்று ஊசிக்கு நாலு லட்சம், இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் ஐம்பதாயிரம் குறைப்போம் என்றார். ஊசி போட்டு நடந்தவர்கள் என்று வீடியோக்களும் அனுப்பினார். அம்மா நகையை விற்கலாம் என்கிறார். பிசியோவோ, 'ஆராய்ச்சியில் சேருவது நல்லதுதான், ஆனால் விசாரித்துச் சேருங்கள்' என்கிறார். யாரிடம், எப்படி விசாரிப்பது? பின்பக்கம் காசளவுக்கு ஒரு புண் இருக்கிறது. அது ஆறியதும் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம்.
— ஒரு அக்கா, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: நகையை விற்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நாலு லட்சம் கேட்பவர் நடத்துவது ஆராய்ச்சி அல்ல, வியாபாரம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதலின்படி, இந்த மாதிரி நிலையில் அதை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அப்படி ஆய்வில் கொடுக்கும் செல்லுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. 'இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் சலுகை' என்று எந்த ஆய்வாளரும் பேச மாட்டார். முறையான ஆய்வில், யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

வீடியோவைப் பார்த்தால் யாருக்கும் மனசு அசையும், அதில் தப்பில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு ஓரளவு உணர்வும் அசைவும் தானாகவே திரும்பும். முதல் மூன்று மாதங்களில் அது அதிகம். அப்புறம் வேகம் குறைந்து, ஒன்றரை வருடம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். அந்தக் காலத்துக்குள் எந்த ஊசியைப் போட்டாலும், தானாக வந்த பலனை ஊசியின் கணக்கில் எழுதிவிடலாம். வீடியோவில் நடப்பவருக்கு அடிபட்டபோது உணர்வும் அசைவும் முழுதாகப் போன ஏ நிலையா, கொஞ்சம் அசைவு மிஞ்சியிருக்கும் சி நிலையா, எத்தனையாவது மாதத்தில் ஊசி போட்டார்கள், கூடவே எவ்வளவு பிசியோ நடந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

இதனால்தான் ஆய்வுகளில், புதிய சிகிச்சையைக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க, ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றை வைக்கிறார்கள். அமெரிக்காவில் தண்டுவடக் காயத்துக்காக சைஜென் என்ற மருந்தை 28 மருத்துவமனைகளில் 760 பேரிடம் சோதித்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வு எதை நிரூபிக்க நினைத்ததோ, அது நிரூபணமாகவில்லை. ஒப்பீட்டுக் குழு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மருந்தை இன்று ஊர் ஊராக விற்றுக்கொண்டிருப்பார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டெல்லியில் உள்ள இந்திய முதுகுத்தண்டு காய மையத்தில், நோயாளியின் மூக்கின் உட்புறச் சவ்வை எடுத்துத் தண்டுவடத்தில் வைக்கும் சிகிச்சையை ஐந்து பேரிடம் செய்து பார்த்தார்கள். பதினெட்டு மாதம் தொடர்ந்து கண்காணித்துவிட்டு 2009இல் எழுதினார்கள்: செய்ய முடிகிறது, ஓரளவு பாதுகாப்பானதுதான், ஆனால் பயன் இருப்பதாகக் காட்ட முடியவில்லை. தாங்கள் செய்த ஆபரேஷனைப் பற்றித் தாங்களே இப்படி எழுதுவதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன். உங்களுக்குப் போன் செய்தவரிடம், பலன் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

பதினெட்டு மாதம்கூட எல்லாவற்றையும் காட்டிவிடாது. இதே மாதிரி மூக்குத் திசு ஆபரேஷனை வேறொரு நாட்டில் செய்துகொண்ட ஒரு இளம்பெண்ணுக்கு எட்டு வருடம் கழித்து முதுகுவலி வந்தது. ஸ்கேனில் தண்டுவடத்துக்குள் ஒரு கட்டி தெரிந்தது. திறந்து பார்த்தால், வைத்த மூக்குத் திசு வளர்ந்து, மூக்கில் சுரப்பதைப் போலவே அங்கேயும் சளி சுரந்திருக்கிறது. 2014இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. 'உங்கள் உடம்பின் செல்தானே, என்ன ஆகிவிடும்' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படி விசாரிப்பது? அவர் மறுபடி போன் செய்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: 'உங்கள் ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. எண் என்ன?' மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு அது, 2007இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளுக்கு 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 2018 ஏப்ரலுக்குப் பிறகு, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். எண் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், வரிசை எண் என்று போகும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். காலேஜ் படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். தலைமை ஆய்வாளர் யார், எந்த மருத்துவமனை, யார் பணம் போடுகிறார்கள், நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா, எந்த மாதிரி நோயாளிகளை எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்புறம், அந்த மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, ஆய்வாளரின் துறைக்குப் பேசுங்கள். போனில் வந்தவர் கொடுத்த எண்ணுக்குப் பேசி உறுதிசெய்ய வேண்டாம்.

பதிவு இருப்பதாலேயே சிகிச்சை நல்லது என்று ஆகாது. பதிவேடு தரச் சான்று கொடுப்பதில்லை, கணக்குத்தான் வைக்கிறது. பதிவு இல்லாத சிகிச்சை ஆய்வு என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பதிவு இருந்தால் அடுத்த கேள்வி நெறிமுறைக் குழுவைப் பற்றியது. 2019இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும் மருத்துவத் துறையில் இல்லாத சாதாரண ஆள் ஒருவரும் கட்டாயம். குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். தயங்காமல் பேசுங்கள், அவர்கள் இருப்பதே அதற்குத்தான்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஒரு நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவசமாகச் சிகிச்சை, ஆய்வுதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடு, எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை, விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்ற உறுதி, இவ்வளவும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் தம்பிக்கு என்ன கிடைக்கும்?' என்பதையும் கேளுங்கள். எந்தக் குழு என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், சிபாரிசு செல்லாது. போக்குவரத்துச் செலவு, கூட வருபவரின் சாப்பாடு, எத்தனை மாதத்துக்கு எத்தனை தடவை வர வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். வீல்சேரோடு பஸ் ஏற முடியாத ஊரிலிருந்து மாதம் நாலு தடவை வருவது பெரிய விஷயம்.

அடுத்து, தம்பி எந்த ஆய்வுக்குப் பொருந்துவார்? இதற்கு டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள அந்த 'டி10, ஏசியா ஏ' என்ன என்று தெரிய வேண்டும். டி10 என்பது தண்டுவடத்தில் அடிபட்ட மட்டம். ஏசியா என்பது காயம் எவ்வளவு முழுமையானது என்று சொல்லும் தரவரிசை, அதைப் பரிசோதித்துத்தான் எழுதுவார்கள். பஞ்சால் தொடுவது, ஊக்கால் லேசாகக் குத்துவது, இரண்டையும் முதலில் கன்னத்தில் செய்து காட்டுவோம். 'இது எப்படி இருக்கிறதோ, அப்படியே மற்ற இடத்திலும் தெரிகிறதா, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்' என்போம். பின்னந்தலையிலிருந்து ஆசனவாய் வரை ஒரு பக்கத்துக்கு 28 இடம். கை கால்களில் பக்கத்துக்குப் பத்து தசை. கடைசியில் கையுறை போட்டு, ஆசனவாய்க்குள் விரல் வைத்து அழுத்தம் தெரிகிறதா, இறுக்க முடிகிறதா என்று பார்ப்போம். பல இளைஞர்கள் இந்த இடத்தில் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். ஆனால் ஏ-யா பி-யா என்பதே அந்த இடத்தில்தான் முடிவாகிறது. அங்கே உணர்வும் இல்லை, இறுக்கமும் இல்லை என்றால் ஏ. உணர்வு மட்டும் இருந்தால் பி. விபத்து நடந்த வாரத்தில் எழுதியதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். மறுவாழ்வு மருத்துவத் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்திலோ இப்போது ஒருமுறை முழுதாகப் பரிசோதித்து எழுதி வாங்குங்கள்.

பொருத்தம் என்பது எவ்வளவு குறுகலானது என்பதற்கு இரண்டு உதாரணம். ஜப்பானில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எஸ். செல்களை (சாதாரண செல்லை ஆய்வகத்தில் மாற்றி உருவாக்கும் ஸ்டெம் செல்) வைத்து நாலு பேருக்குச் செய்து, 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள், இருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது காயம்பட்டு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் செய்தது, தம்பிக்குப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வில், கழுத்தில் அடிபட்ட 60 பேருக்குத் தோலின் மேலிருந்து மின்தூண்டல் கொடுத்தார்கள். 72 சதவீதம் பேருக்குக் கை பலமும் கைவேலையும் கூடின. நல்ல முடிவுதான், ஆனால் அதில் தனி ஒப்பீட்டுக் குழு கிடையாது, அதோடு அது கைக்கான சிகிச்சை. தம்பியின் கைகள் நன்றாக இருக்கின்றன.

ஆராய்ச்சி என்றாலே ஊசியும் ஆபரேஷனும் என்று நினைக்க வேண்டாம். சிறுநீர்ப் பை, மலம் கழித்தல், படுக்கைப் புண், வலி, வீல்சேர், வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சி என்று இவை குறித்தும் ஆய்வுகள் நடக்கின்றன. 2004இல் அமெரிக்காவில் தண்டுவடக் காயத்தோடு வாழும் 681 பேரிடம், எது முதலில் திரும்பினால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார்கள். கால் விழுந்தவர்களில் அதிகம் பேர் முதலில் சொன்னது நடையை அல்ல, தாம்பத்தியத்தை. சிறுநீர், மலக் கட்டுப்பாடு, கால் மட்டும் விழுந்தவர்கள், கையும் காலும் விழுந்தவர்கள் என்ற இரு தரப்புக்குமே முக்கியமாக இருந்தது. ஆபத்து குறைந்த இந்த மாதிரி ஆய்வு ஒன்றில் சேர்ந்தால் வழக்கமான பரிசோதனைகளும் ஒழுங்காக நடக்கும். நான் தம்பியின் டாக்டராக இருந்தால் இங்கேதான் தொடங்கச் சொல்வேன்.

காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்வதில் வெளியே தெரியாத ஒரு நஷ்டமும் உண்டு. ஏற்கெனவே செல் ஊசி போட்டவர்களைப் பெரும்பாலான செல் ஆய்வுகளில் சேர்க்க மாட்டார்கள், எது எதனால் என்று பிரிக்க முடியாது என்பதால். அப்படிக் காசு கொடுத்து ஊசி போட்டுக்கொண்டு என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு வருடம் கழித்து நல்ல ஆய்வு ஒன்றுக்கு எல்லா விதத்திலும் பொருந்தினான். பழைய ரசீதைப் பார்த்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. அவன் அப்பா அந்த ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் அம்மா சொன்னது இருக்கிறது, பிசியோ சொன்னது இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்கு 26 வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், நீங்களோ அம்மாவோ அல்ல. ஆசையாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா, இல்லை, வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே என்று தலையாட்டுகிறாரா என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் 'இப்போது வேண்டாம்' என்றால் அதுவும் ஒரு முடிவுதான்.

இனி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் புண். எனக்கு அதுதான் அவசரமாகத் தெரிகிறது. உணர்வு இல்லாத இடத்தில் மேலே காசளவு தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். திறந்த புண்ணோ சிறுநீர்த் தொற்றோ மடங்கி இறுகிய மூட்டோ இருந்தால் பெரும்பாலான செல், ஆபரேஷன் ஆய்வுகளில் முதல் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தானாக ஆறட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோ நாற்றமோ சீழோ இருந்தால் இன்றைக்கே. அதுவரை அந்தப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம், ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கட்டும். நடுவில் ஓட்டை உள்ள ட்யூப் மாதிரி குஷனை வைக்காதீர்கள், அது சுற்றியுள்ள சதைக்கு ரத்தம் போவதைத் தடுக்கும். புண் ஆறி மறுபடி வீல்சேரில் உட்காரும்போது அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் முன்னால் குனிந்து எடையை எடுக்கப் பழக்குங்கள். தினமும் காலையிலும் இரவிலும் ஒரு கண்ணாடியை அவர் கையில் கொடுத்து அந்த இடத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.