ஒரு கியூவுக்கு ஒரு கோர்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு ப்ராசஸர் சாக்கெட்டுகள் கொண்ட ஒரு சர்வரில், நெட்வொர்க் கார்டிலிருந்து பாக்கெட்டுகளை நேரடியாக எடுத்துக் கையாள உதவும் டிபிடிகே நூலகத்தைக் கொண்டு பாக்கெட்டுகளை ஒரு போர்ட்டில் வாங்கி மற்றொரு போர்ட்டில் அனுப்பும் மென்பொருளை எழுதியிருக்கிறோம். வழியைத் தேடுவதோடு சில வடிகட்டல் விதிகளையும் அது சரிபார்க்கிறது. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகளை அனுப்பிச் சோதித்தால், வினாடிக்கு 70 லட்சம் பாக்கெட்டுகளுக்கு மேல் போகவில்லை. ப்ராசஸருக்குள் தனித்தனியே இயங்கும் கோர்களில் ஒன்றைக் கொடுத்தாலும் நான்கைக் கொடுத்தாலும் அதே எண்தான் வருகிறது. சோதனைக் கருவி ஒரே அனுப்புநர் முகவரியிலிருந்து ஒரே பெறுநர் முகவரிக்கு அனுப்புகிறது. தவறு எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு தகவல்களிலேயே விடை இருக்கிறது. கோர்களைக் கூட்டியும் எண் அசையவில்லை என்றால், எத்தனை கோர் கொடுத்தாலும் வேலை செய்வது ஒன்றுதான் என்று பொருள்.

நெட்வொர்க் கார்டு, வருகின்ற பாக்கெட்டுகளைக் கோர்களுக்கு நேரடியாகப் பிரித்துக் கொடுப்பதில்லை, அவை வரிசையில் காத்திருக்கும் கியூக்களுக்கே பிரிக்கிறது. அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும், அமைப்பைப் பொறுத்து பாக்கெட்டின் தலைப்பில் உள்ள இருபுறத்துப் போர்ட் எண்களையும் (இவை கார்டின் போர்ட்டுகள் அல்ல) சேர்த்து ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் சுட்டும் கியூவில் பாக்கெட்டைப் போடுகிறது. ஆர்எஸ்எஸ் எனப்படும் இந்த ஏற்பாட்டில், ஒரே உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கியூவுக்குத்தான் போகும். அவற்றின் வரிசை குலையக் கூடாது என்பதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சோதனைக் கருவியோ ஓர் உரையாடலை மட்டுமே உருவாக்குகிறது. ஆகவே ஒரு கியூ நிரம்பி வழிய, மற்ற மூன்று கியூக்களையும் அவற்றின் கோர்கள் வெறுமனே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முகவரிகளையும் போர்ட் எண்களையும் மாற்றி மாற்றி ஆயிரம் உரையாடல்களையாவது அனுப்பி, ஒவ்வொரு கியூவும் வாங்கிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைத் தனித்தனியே பாருங்கள். அதற்கு முன், நான்கு கியூக்கள் உண்மையாகவே திறக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டிபிடிகேயுடன் வரும் மூன்றாம் அடுக்கு முன்னனுப்பல் மாதிரி நிரலில், போர்ட், கியூ, கோர் என்ற மூன்று எண்களைக் கொண்ட தொகுதியாகவே இந்த ஒதுக்கீடு எழுதப்படுகிறது; (0,1,4) என்றால் 0-ஆம் போர்ட்டின் 1-ஆம் கியூவை 4-ஆம் கோர் கவனிக்கும் என்று பொருள். எந்தத் தொகுதியிலும் இடம்பெறாத கோருக்குப் பாக்கெட் எதுவும் வராது.

சோதனையில் மட்டுமல்ல, நடைமுறையிலும் இதே நிலை வருவதுண்டு. இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான போக்குவரத்து முழுவதும் ஒரே விபிஎன் சுரங்கத்துக்குள் சென்றால், வெளித் தலைப்பில் தெரிவது ஒரே இணை முகவரிகள்தான். கார்டுக்கு அது ஓர் உரையாடலாகவே தோன்றும்.

இதைச் சரிசெய்த பிறகு, எந்த நான்கு கோர்கள் என்ற கேள்விக்கு வருவோம். 10 கிகாபிட் இணைப்பு முழுமையாக நிரம்பினால், வினாடிக்குச் சுமார் 1 கோடியே 48 லட்சம் சிறிய பாக்கெட்டுகள் வரும், அதாவது 67.2 நானோவினாடிக்கு ஒன்று. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது ஏறத்தாழ 200 சுழற்சிகள். கோரை ஒட்டிய சிறிய, வேகமான சேமிப்பிடமான கேஷில் இல்லாத ஒரு தகவலை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கே இந்த நேரம் முழுவதும் போய்விடக்கூடும். அந்த நினைவகம் அடுத்த சாக்கெட்டைச் சேர்ந்ததாக இருந்தால் தாமதம் இன்னும் கூடும். ஆகையால் கார்டு எந்தச் சாக்கெட்டுடன் இணைந்திருக்கிறதோ அதே சாக்கெட்டின் கோர்களையும், அதே சாக்கெட்டின் நினைவகத்தில் ஒதுக்கிய பாக்கெட் இடங்களையும், வழித்தட அட்டவணையையும் பயன்படுத்துவதுதான் முதல் விதி. இங்கே பலர் ஏமாறுவது எண் வரிசையைப் பார்த்துத்தான். சில சர்வர்களில் இரட்டைப்படைக் கோர்கள் ஒரு சாக்கெட்டிலும் ஒற்றைப்படைக் கோர்கள் மறு சாக்கெட்டிலும் இருக்கும்; அங்கே 0 முதல் 3 வரை என்று எழுதினால் பாதி கோர்கள் அக்கரையில் போய் உட்கார்ந்துவிடும். கோர்களின் அமைப்பைக் காட்டும் எல்எஸ்சிபியூ கட்டளையின் வெளியீட்டைப் பார்க்காமல் கோர் எண்களை எழுதாதீர்கள். ஹைப்பர்த்ரெடிங் இயங்கும் சர்வரில், இரண்டு கோர் எண்கள் ஒரே உண்மையான கோரின் இரு பாதிகளாக இருக்கலாம் என்பதையும் அங்கேயே கவனித்துவிடுங்கள். அவை எல்1, எல்2 கேஷ்களைப் பங்கிட்டுக்கொள்பவை. இரண்டிலும் ஓயாமல் சுற்றும் த்ரெட்டுகளை, அதாவது நிரலின் தனித்தனி ஓட்டங்களை, வைத்தால் இரு மடங்கு வேகம் கிடைக்காது.

கேள்வி: பாக்கெட்டே வராதபோதும் எங்கள் கோர்கள் 100 சதவீதம் இயங்குவதாகக் காட்டுகிறதே, இது கோளாறா?

பதில்: இல்லை. இந்த வகை மென்பொருள் கார்டு தரும் இன்டரப்டு என்ற அழைப்புக்காகக் காத்திருக்காமல், கியூவில் ஏதேனும் வந்திருக்கிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே அந்தச் சதவீதத்தை வைத்துச் சுமையை அளக்க முடியாது. மொத்தத்தில் எத்தனை முறை பார்த்ததில் எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பியது என்று ஒவ்வொரு கோருக்கும் எண்ணி வையுங்கள். அதுவே உண்மையான அளவு.

கேள்வி: த்ரெட்டுகளைக் கோர்களில் பொருத்திவிட்டோம். ஆனாலும் அவ்வப்போது சில பாக்கெட்டுகள் இழக்கப்படுகின்றன. கோர்கள் போதாததால் ஒரே கோரில் இரண்டு த்ரெட்டுகளை வைத்திருக்கிறோம். அது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பொருத்துதல் என்பது உங்கள் த்ரெட் வேறு கோருக்கு நகராமல் தடுப்பது மட்டுமே. மற்ற நிரல்கள் அந்தக் கோருக்கு வருவதை அது தடுக்காது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தொடங்கும்போதே ஐசோல்சிபியூஸ் என்ற அளவுருவில் அந்தக் கோர்களைக் குறிப்பிட்டு ஒதுக்கி வைத்தால்தான், கெர்னலின் திட்டமிடுநர் மற்ற வேலைகளை அங்கே அனுப்பாமல் இருக்கும். கார்டுகள், வட்டுகள் ஆகியவற்றின் இன்டரப்டுகளையும் வேறு கோர்களுக்கு மாற்றுங்கள். 0-ஆம் கோரை இயங்குதளத்துக்கே விட்டுவிடுவது நல்லது.

ஒரே கோரில் பல த்ரெட்டுகளை வைக்க டிபிடிகே அனுமதிக்கிறது. ஆனால் பாக்கெட்டுகளைக் கைமாற்றும் ரிங் எனப்படும் அமைப்பில், பல த்ரெட்டுகள் எழுதும் வழக்கமான முறையில், ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருக்கும்போதே கெர்னல் அதை நிறுத்திவிட்டால், அடுத்து எழுத வரும் த்ரெட் முந்தையது முடிக்கும்வரை சுழன்றுகொண்டே நிற்கும். இரண்டும் ஒரே கோரில் இருந்தால், காத்திருப்பவரே கோரைப் பிடித்துக்கொண்டு முடிக்க வேண்டியவருக்கு வழிவிடாத நிலை உண்டாகிறது. அந்த இடைவெளியில் கியூ நிரம்பிப் பாக்கெட்டுகள் கைவிடப்படும். நிகழ்நேர முன்னுரிமையில் இயக்கினால் இது முழு முடக்கமாகவே மாறலாம். டிபிடிகேயின் 2020 மே பதிப்பில் இதைத் தணிக்கும் மாற்று ரிங் முறைகள் சேர்க்கப்பட்டன; கோர்களைக் கூட்ட வழியே இல்லை என்றால் அவற்றைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்ல வழி, அந்த இரண்டு த்ரெட்டுகளின் வேலையையும் ஒரே த்ரெட்டின் சுற்றுக்குள் அடுத்தடுத்துச் செய்யுமாறு நிரலை மாற்றி எழுதுவதாகும். ஒரு த்ரெட் பல கியூக்களை மாறி மாறிப் பார்ப்பதில் குற்றமில்லை; பூட்டு இல்லாமல் ஒரே கியூவிலிருந்து இரண்டு த்ரெட்டுகள் வாங்குவதுதான் கூடாது.