முட்டைக்குள் கடைசி மூன்று நாள்: கேள்வி பதில்

தக்கலை: அண்ணே, மெஷினில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குச் சூட்டிகை குறைவு. தீவனம் கொத்தும்போது பருந்து வந்தாலும் கவனிப்பதில்லை. ஏன்?

குரல் கொடுத்து எச்சரிக்கத் தாய் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று, யாரும் யோசிக்காதது: வெளிச்சம். 18ஆம் நாள் வாக்கில் குஞ்சு தலையை மடக்கிக்கொள்ளும். இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும், வலக்கண் ஓட்டுப் பக்கம் இருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணுக்கே கிடைப்பதால் மூளையின் இரு பாதிகளும் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. வலக்கண் தானியத்தையும் கல்லையும் பிரித்தறியும், இடக்கண் ஆபத்தைப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் லெஸ்லி ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார். முழு இருட்டில் பொரித்த குஞ்சு இரண்டையும் ஒருசேரச் செய்யத் திணறும்.

முட்டை திருப்புவதை 18ஆம் நாள் நிறுத்துவீர்கள் அல்லவா, அன்றிலிருந்து பகலில் சில மணி நேரம் சின்ன எல்.இ.டி. போடுங்கள். குண்டு பல்பு வேண்டாம், சூடு ஏறிவிடும். நேர் வெயிலும் கூடாது.

குலசேகரம்: அடைக்கோழியை இருட்டு அறையில் வைக்கிறோம். தப்பா?

மங்கலான வெளிச்சம் வரட்டும். கோழி இரை எடுக்க எழும்பும்போதும் முட்டையை உருட்டும்போதும் முட்டை மேல் படும் அந்த வெளிச்சமே போதும்.

மார்த்தாண்டம்: போனில் தாய்க்கோழிச் சத்தம் போடலாமா?

போடலாம், மெதுவாக, விட்டுவிட்டு. கடைசி நாட்களில் குஞ்சுக்குக் காது நன்றாகக் கேட்கும். குளிர்ந்தால் உள்ளிருந்தே கீச்சிடும், தாய் அசைந்து பதில் சொல்லும். வாத்தில் கில்பர்ட் காட்லீப் என்ற ஆய்வாளர் சோதித்தார்: பொரிக்குமுன் தன் குரலும் கூடப்பிறந்தவற்றின் குரலும் கேட்காத குஞ்சு, தன் இனத் தாயின் அழைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் முட்டைகளைத் தள்ளித்தள்ளி வைக்காதீர்கள், ஒட்டி இருக்கட்டும்.

தோவாளை: அண்ணே, எந்தக் கோழியின் முட்டையை அடைக்கு எடுப்பது?

நாய் துரத்தும், இடம் மாற்றிக் கட்டும் கோழியுடையதை எடுக்காதீர்கள். பயந்த தாயின் மன அழுத்த ஹார்மோன் கருவுக்குள் போகும். காடையில் அப்படிப் பிறந்த குஞ்சுகள் மெதுவாக வளர்ந்தன.

கருங்கல்: கரண்ட் போனால்?

ஒரு மணி நேரம் என்றால் மெஷினைத் திறக்கவே வேண்டாம். காற்றுத் துளையை அடைக்காமல் சாக்கு போர்த்துங்கள். 18ஆம் நாளுக்கு மேல் கருவே சூடு விடும். அப்போது 37.5 டிகிரியைத் தாண்டி ஏறுவதுதான் குளிர்வதைவிட மோசம். கரண்ட் வந்ததும் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.